சூட்டோட முறுக்கக் கூடாது

தொடாதீங்க தம்பி, அந்த மூடியத் தொடாதீங்க! உள்ள தண்ணி கொதிச்சுக்கிட்டு இருக்கு, தொறந்தீங்கன்னா மூஞ்சியிலயே அடிக்கும். இப்படி வாங்க, இந்தப் புளியமரத்து நெழலுக்கு வாங்க. வண்டிய நிறுத்தி என்ன ஏதுன்னு கேட்டீங்களே, அதுவே பெரிசு. இவ்வளவு நேரமா எத்தன கார் போகுது, ஒருத்தனும் திரும்பிப் பாக்கல.

ஒண்ணுமில்ல, கொஞ்சம் சூடாயிடுச்சு. ஆறினதும் கெளம்பிடுவோம். நாங்க சேலம் போறோம். நீங்களும் சேலந்தானா? பின் சீட்டு காலியா இருக்கா? ஐயோ வேணாம் தம்பி, நல்ல மனசு உங்களுக்கு, வேணாம். இதோ இப்ப ஆறிடும். நான் இந்த இஞ்சின் கூடவே வாழ்ந்தவன், எனக்குத் தெரியாதா?

உள்ள உக்காந்திருக்கறது என் சம்சாரம், நவநீதம். அவ தம்பி தணிகாசலம் சேலம் பெரியாஸ்பத்திரியில கெடக்கறான். கிட்னி ரெண்டும் போயிடுச்சு. நேத்து சாயங்காலம் போன் பண்ணி, பாக்கறவங்க வந்து பாத்துக்குங்கன்னு டாக்டர் சொல்லிட்டார்னு சொன்னாங்க. அக்காவையும் மாமாவையும் பாக்கணும்னு கேட்டானாம். அவன் கண்ண மூடறதுக்குள்ள போய்ச் சேரணும்னுதான் ஓசூர்ல இருந்து விடிஞ்சதும் கெளம்பினோம். இங்க காவேரிப்பட்டணம் தாண்டி வந்து நிக்கறோம்.

அதுலயும் அவன் கொழுப்பப் பாருங்க. சாகக் கெடக்கறான், அப்பவும் என்ன சொல்லி அனுப்பறான் தெரியுமா? "மாமாவ பஸ்ல வரச் சொல்லு." அக்காகிட்ட போன்ல சொல்றான். அவ என்கிட்ட வந்து, "ஏங்க, தணிகா உங்கள பஸ்ல வரச் சொன்னான், ஏன்னா..."ன்னு ஆரம்பிச்சா. நிறுத்துடின்னேன். எனக்கு எப்படி இருக்கும்? கார் வெச்சிருக்கறவன் எதுக்குங்க பஸ்ல போவான்? அவனுக்கு என் கார் மேல அப்படி ஒரு காந்தல். கார் மேலகூட இல்ல, இந்த இஞ்சின் மேல. அதுக்காகவே எடுத்தேன் வண்டிய. ஆஸ்பத்திரி வாசல்ல நிறுத்தி, இஞ்சின அணைக்காம ஓடவிட்டு, மேல ஜன்னல் வழியா அவன் காதுல விழட்டும்னு நெனச்சேன்.

நீங்க என்ன கார் வெச்சிருக்கீங்க? அந்த வெள்ளையா? மூணு சிலிண்டர்தானே? சும்மா நிக்கும்போது ஸ்டீயரிங் நடுங்குமே, பாத்திருக்கீங்களா? தப்பா நெனைக்காதீங்க, இப்ப எல்லாம் அப்படித்தான் வருது. மைலேஜ் மைலேஜ்னு ஒரு சிலிண்டரையே புடுங்கிட்டானுங்க. இது நாலு சிலிண்டர். பல்லவா சீரீஸ். பேரு கேள்விப்பட்டதில்லையா? சரி, நீங்க சின்ன வயசு. அந்தக் கம்பெனியே இப்ப இல்ல. எவனோ வாங்கி, நாங்க இஞ்சின் ஓட்டிப் பாத்த ஷெட்ல பிஸ்கட் மூட்டைய அடுக்கி வெச்சிருக்கான்.

நான் முனிரத்தினம். டெஸ்ட் பெட்ல முனிரத்தினம்னா மேல இருந்து கீழ வரைக்கும் தெரியும். டெஸ்ட் பெட்னா, இஞ்சின காருக்குள்ள வெக்கறதுக்கு முன்னாடி தனியா ஒரு ரூம்ல, இரும்பு மேடையில பூட்டி ஓட்டிப் பாக்கற எடம். நான் அங்க ஷிப்ட் இன்சார்ஜ். தணிகாவ அங்க சேத்துவிட்டதும் நான்தான். அக்கா புருஷன்னு என் கீழயே வேல. வாய் மட்டும் அடங்காது. யூனியன் கூட்டத்துல மைக் புடிச்சா விடமாட்டான்.

பல்லவா வந்த கதையச் சொல்றேன் கேளுங்க. டிராயிங் வெளிநாட்ல இருந்து வந்துச்சு. ஆனா அத இந்த ஊர் வெயிலுக்கும், இந்த ஊர் பெட்ரோலுக்கும் ஏத்த மாதிரி மாத்தினது நாங்க. ஒரே பிளாக்கு, அதுல மூணு அளவு. சின்னது ஆயிரத்து இருநூறு சிசி, வீட்டு கார்க்கு. நடுவுலது ஆயிரத்து நானூறு, டாக்ஸிக்கு. பெரிசு ஆயிரத்து அறுநூறு, வேனுக்கு. மூணும் அண்ணன் தம்பிங்க. மூணுக்கும் மேல அலுமினிய ஹெட்டு, கீழ இரும்பு பிளாக்கு, நடுவுல ஒரு கேஸ்கெட்டு. வீட்டுக் குக்கர்ல மூடிக்கு நடுவுல ரப்பர் வளையம் இருக்குல்ல, அந்த வேலதான். அத அழுத்திப் புடிக்கறதுக்கு மேல இருந்து போல்ட்டுங்க. அவ்வளவுதான் இஞ்சின். மிச்சமெல்லாம் அதுக்கு ஒத்தாச.

என்ன சத்தம்ங்கறீங்க! சத்தமே இருக்காது. ஓடற இஞ்சின் மேல ஒத்த ரூபாய செங்குத்தா நிக்க வெப்பேன். நிக்கும் தம்பி, விழாது. டைரக்டர் ஒருத்தர் வந்தப்ப அப்படித்தான் நிறுத்திக் காட்டினேன், அவரு கைதட்டினாரு. உங்க மூணு சிலிண்டர்ல நிறுத்திப் பாருங்க, ரூபா சேலத்துல போய் விழும்.

சூடு இன்னும் குறையல. இருக்கட்டும். நவநீதம், தண்ணி குடிக்கறியா? வேணாமாம். பாருங்க எவ்வளவு பொறுமை. ஓசூர்ல இருந்து கிருஷ்ணகிரி வரைக்கும் புலம்பிக்கிட்டே வந்தா, பஸ்ல போயிருக்கலாம், பஸ்ல போயிருக்கலாம்னு. டோல்கேட் தாண்டினதுல இருந்து ஒரு வார்த்த பேசல. வண்டி நின்னப்பவும் ஏன் நின்னுச்சுன்னு கேக்கல. இந்த இஞ்சின் மேல அவளுக்கு நம்பிக்க வந்துடுச்சு, அதான்.

எங்க விட்டேன்? ஆங், டெஸ்ட்டு. ஏழாம் நம்பர் இஞ்சின்னு ஒண்ணு. அத பெட்ல ஏத்தி, ராத்திரி பகலா, ஃபுல் ஆக்சிலேட்டர்ல, வாரக்கணக்கா ஓட்டணும். அதுல பாஸானாதான் கம்பெனி பல்லவாவ மார்க்கெட்ல விடும். அதுக்கு ஒரு ரூல் இருக்கு. ஆயில் மாத்தலாம், தண்ணி ஊத்தலாம், வேற எங்கயும் ஸ்பேனர் வெக்கக் கூடாது. ஜனங்க எப்படி ஓட்டுவாங்களோ அப்படியே ஓடணும்னு அர்த்தம். நாங்க அத அப்படிப் பாத்துக்கிட்டோம். நான் உள்ள வந்ததும் மொதல்ல அது மேல கைய வெச்சு ஒரு கும்பிடு போட்டுட்டுத்தான் சேர்ல உக்காருவேன்.

பாதி ஓடியிருக்கும். தண்ணி லேசா குறைய ஆரம்பிச்சுது. வெளிய ஒழுகல, எங்க போவுதுன்னு தெரியல. தெனம் காலையில ஒரு சொம்பு ஊத்துவேன். தணிகா மட்டும், "மாமா, ஹெட் கேஸ்கெட் விடுது மாமா, மேல சொல்லிடலாம்"னு நச்சு. சும்மா இருடா, குழந்த பால் குடிக்கற மாதிரி தண்ணி குடிக்குதுன்னு நான் சொல்லுவேன். எல்லாரும் சிரிப்பாங்க. அவன் மட்டும் உர்ருனு நிப்பான்.

அதுக்குள்ள ஆயுத பூஜை வந்துடுச்சு. இப்ப நீங்களே சொல்லுங்க. ஆயுத பூஜையன்னைக்கு தமிழ்நாட்ல எந்த மெஷினாவது ஓடுமா? லாரி ஓடாது, லேத் ஓடாது. தையல் மெஷினுக்குக்கூட பொட்டு வெச்சு மூடிடறோம். டெஸ்ட் பெட்ட மட்டும் ஓட்டினா அடுக்குமா? மேனேஜர் பூனாக்காரரு, லீவுல ஊருக்குப் போயிருந்தாரு. நிறுத்துங்கடான்னுட்டேன். எம் பொறுப்புன்னேன்.

மொத நாளே நிறுத்தி, நல்லா ஆறவிட்டு, நானே என் கையால தொடச்சேன். வெறுமன தொடச்சா போதுமா? பூஜைக்கு உக்காரப்போற இஞ்சின், எந்த நட்டும் லூசா இருக்கக் கூடாதுல்ல? டாப் கவரக் கழட்டி, அளவு பாத்து முறுக்கற டார்க் ரெஞ்ச எடுத்து, ஹெட் போல்ட்ட ஒவ்வொண்ணா, நடுவுல இருந்து ஓரத்துக்கு, ஒழுங்கா முறுக்கினேன். ஒவ்வொண்ணும் கொஞ்சம் கொஞ்சம் திரும்பிக் குடுத்துச்சு. அப்புறம் சந்தனம், குங்குமம், சாமந்தி மால. ரெண்டு பக்கமும் வாழக்கன்னு. பொரி கடல வெச்சு, சூடம் காட்டி, நானே பூசணிக்காய சுத்தி ஒடச்சேன். பூஜை முடிஞ்சு மறுநாள் ஸ்டார்ட் பண்ணினோம் பாருங்க. தம்பி, அதுக்கப்புறம் ஒரு சொட்டுத் தண்ணி குறையல! ஒரு சொட்டு! கடைசி வரைக்கும் கிண்ணுனு ஓடிச்சு. அம்மா மனசு வெச்சாதான் எதுவும்.

எல்லாரும் சந்தோஷத்துல குதிக்கறோம். தணிகா என்ன ஓரமாக் கூப்பிட்டுப் போய் சொல்றான். "மாமா, நீ முறுக்கினதால நின்னுச்சு. ஜனங்க வாங்கற கார்ல வருஷா வருஷம் போய் நீ முறுக்குவியா? முறுக்கினோம்னு மேல சொல்லிடு மாமா."

எனக்கு வந்துச்சே ஆத்திரம். டேய், பூஜை போட்டதெல்லாமா மேல போய்ச் சொல்லுவாங்கன்னு கேட்டேன். பூனாக்காரருக்கு ஆயுத பூஜையப் பத்தி என்னத்த வெளக்கறது? அவன் மொகத்தத் தொங்கப் போட்டுக்கிட்டு, "நீயே சொல்லுவேன்னு பாத்தேன்"னு சொல்லிட்டுப் போயிட்டான். அவனாவது போய்ச் சொன்னானா? சொல்லல. அக்கா புருஷன காட்டிக் குடுக்கக் கூடாதாம். பெரிய மனுஷன். அப்புறம் எதுக்கு இத்தன வருஷமா அதையே புடிச்சுக்கிட்டுத் தொங்கறான்?

பல்லவா பாஸாயிடுச்சு. வந்த புதுசுல ரோட்ல எங்க பாத்தாலும் நம்ம இஞ்சின்தான். ஸ்கூல் வேன், கல்யாண கார், ஆம்புலன்ஸ்ல கூட. ரோட்ல போறப்ப கண்ண மூடிக்கிட்டே சொல்லுவேன், இது ஆயிரத்து நானூறு, இது அறுநூறுன்னு. நவநீதம் சிரிப்பா. அவளுக்கு அப்பல்லாம் சிரிக்கத் தெரியும்.

ரெண்டு வெயில் தாங்குச்சு. மூணாவது வெயில்ல டாக்ஸிங்க ஒண்ணொண்ணா நிக்க ஆரம்பிச்சுது. இதே மாதிரிதான், பானெட்ட தூக்கிட்டு, ரோட்டோரத்துல. இஞ்சின் மேல என்ன தப்பு? இவனுங்க ஓட்டற லட்சணம் அப்படி. குழாத் தண்ணி, ஏரித் தண்ணி எது கெடச்சாலும் ஊத்தறது. கம்பெனியில ஒரு டீம் போட்டாங்க, ஊர் ஊராப் போய் நின்ன வண்டியப் பாத்துட்டு வர. பல்லவாவப் பத்தி முனிரத்தினத்தவிட யாருக்குத் தெரியும்னு என்னையும் அனுப்பினாங்க. போற எடத்துலயெல்லாம் அதத்தான் சொன்னேன். குழாத் தண்ணி ஊத்தியிருக்கான், இஞ்சின் மேல குத்தமில்லன்னு.

அதுல ஒரு வண்டி தணிகாவோடது. ஆமா தம்பி. அவன் அதுக்குள்ள வேலைய விட்டுட்டு சேலத்துக்குப் போய், வந்த காசுல டாக்ஸி எடுத்துட்டான். எந்த இஞ்சின்? பல்லவா ஆயிரத்து நானூறு. குத்தம் சொன்னவன் அதையே எதுக்குடா வாங்கினன்னு கேட்டேன். "நாம பண்ணினது மாமா, வேற எத வாங்கறது?"ன்னான். கேட்டீங்களா பேச்ச?

அவன் வண்டியும் நின்னுச்சு. ரேடியேட்டர்ல நல்ல கூலன்ட்டுதான் ஊத்தியிருந்தான், இல்லைங்கல. ஆனா ஊர்ல இருக்கற டிரைவர்ங்களுக்கெல்லாம் ஒண்ணு சொல்லிட்டு, என் மச்சானுக்கு மட்டும் வேற சொன்னா என் பேச்சு எடுபடுமா? குழாத் தண்ணின்னே சொல்லிட்டு வந்தேன். சொந்தம் பந்தம் பாக்கல. அந்த விஷயத்துல நான் நெருப்பு. கம்பெனி அவனுக்கு இஞ்சின் மாத்திக் குடுக்கல. அந்த வண்டி எட்டு எடத்துல நிக்கவும் கூப்பிடறவங்க கூப்பிடறத விட்டுட்டாங்க. அப்புறம் அவன் லாரி செட்டுல ராத்திரி காவலுக்குப் போனான். சாப்பாடு நேரத்துக்குக் கெடையாது, சக்கரைய கவனிக்கல, அது கிட்னியில கொண்டுபோய் விட்டுடுச்சு. அதுக்கும் நானா பொறுப்பு?

அந்த நாள்ல இருந்து அவன் என் வாசப்படி மிதிக்கல. அக்காவுக்கு மட்டும் போன் பண்ணுவான். என்னப் பத்திக் கேப்பானாம், மாமா சாப்பிட்டாரா, மாமா முட்டி வலி எப்படி இருக்குன்னு. நடிப்பு.

இப்ப இந்தக் காரப் பாருங்க. இதுவும் பல்லவாதான், ஆயிரத்து இருநூறு. கம்பெனி மூடறதுக்கு முந்தின வருஷம் எடுத்தது. ஊர்ல ஓடின பல்லவா எல்லாம் காயலாங்கடைக்குப் போயிடுச்சு. இது மட்டும் இன்னைக்கு வரைக்கும் ஒரு நாள் நின்னதில்ல. ஏன்? நான் மொறையா வெச்சிருக்கேன். வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு அன்னைக்கு ஏழாம் நம்பருக்குப் பண்ணின மாதிரியே பண்ணுவேன். ஆறவிட்டுத் தொடச்சு, டாப் கவரக் கழட்டி, ஹெட் போல்ட்ட முறுக்கி, சந்தனம் குங்குமம் வெச்சு, பூசணிக்கா ஒடச்சு. பொறுப்பா வெச்சிருந்தா இஞ்சின் ஏன் நிக்குது? அந்த டிரைவர்ங்களுக்கு அந்த பக்தி இல்ல.

இந்த வருஷந்தான் விட்டுப்போச்சு. ஆயுத பூஜை நேரத்துல இவன மொதமொதல்ல ஆஸ்பத்திரியில சேத்தாங்க, நவநீதம் சேலத்துக்குப் போயிட்டா. வீட்ல வெளக்கேத்த ஆளில்ல, பூஜை இல்ல. அப்படியே கெடந்துடுச்சு வண்டி. பாருங்க, இப்ப நடுரோட்ல நிக்குது. தெய்வக் குத்தம் தம்பி, வேற ஒண்ணுமில்ல. என்ன, ஏன் அப்படிப் பாக்கறீங்க? சிரிக்காதீங்க, நான் அனுபவத்துல சொல்றேன்.

டிக்கியில டார்க் ரெஞ்ச் இருக்கு. எடுத்து இப்பவே முறுக்கிடலாம்னா, சூட்டோட முறுக்கக் கூடாது. ஹெட்டு வளைஞ்சுடும், போல்ட்டு அறுந்துடும். எதுவா இருந்தாலும் ஆறினப்புறந்தான். அதான் சொல்றேன், கொஞ்சம் பொறுத்தா...

என்ன நவநீதம், எறங்கிட்ட? வெயில் அடிக்குதும்மா, உள்ள உக்காரு. பைய எதுக்கு எடுக்கற? இவர் கார்லயா? நான்தான் வேணாம்னு சொல்லிட்டேனே, நம்ம வண்டி இதோ ஆறிடும். உன் தம்பி காத்துக்கிட்டு இருப்பான்னு எனக்குத் தெரியாதா?

என்னது?

யாரு? தணிகாவா? எப்போ?

டோல்கேட்லயா? டோல்கேட்ல வந்துச்சே ஒரு போன், சரி சரின்னு மட்டும் சொல்லிட்டு வெச்சியே, அதுவா? நான் யாருன்னு கேட்டேனே, ஒண்ணுமில்ல, பாத்து ஓட்டுங்கன்னியேம்மா. அப்பவே போயிட்டானா? அங்கிருந்து இது வரைக்கும் பக்கத்துலயே உக்காந்து வந்தியே, ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? அழக்கூட இல்லையே நீ.

இனிமே என்ன அவசரம்னு உக்காந்திருந்தியா?

தம்பி, நீங்க கேட்டீங்களா அவ சொன்னத? நான் ஏசிய நிறுத்து, இஞ்சின் சத்தம் மாறுதுன்னு சொல்லிக்கிட்டு இருந்தேனாம் அப்ப. ஆமா, சொல்லிக்கிட்டுத்தான் இருந்தேன். டோல்கேட் கிட்டயே சத்தம் மாறிடுச்சு.

என்னம்மா, இன்னும் என்ன? பஸ்ஸா? ஆமா, பஸ்ல வரச் சொன்னான், அதான் நேத்தே சொன்னியே. முழுசாச் சொல்லலையா? நான் சொல்ல விடலையா? சரி, இப்ப சொல்லு. கேக்கறேன். சொல்லு.

"ஆயுத பூஜை அன்னைக்கு நீ என் பக்கத்துல இருந்துட்ட அக்கா. மாமா இந்த வருஷம் போல்ட்ட முறுக்கியிருக்க மாட்டாரு. வெயில்ல நடுரோட்ல நின்னுடுவாரு, பாவம். பஸ்லயே வரச் சொல்லு."

அப்படியா சொன்னான்?

பாவம்னா சொன்னான்?

சரி. சரிம்மா. நீ ஏறிக்க. முன்னாடி ஏறாத, பின்னாடி ஏறு, வெயில் படாது. கதவ மெதுவா சாத்துங்க தம்பி. நானா? வாங்கன்னா எப்படித் தம்பி வர்றது? இத இப்படியே ரோட்ல விட்டுட்டு வரமுடியுமா? அதுவும் இல்லாம, அங்க வந்து நான் எந்த மொகத்தோட... இல்ல, வேணாம். நீங்க இவளக் கூட்டிட்டுப் போங்க. பெரியாஸ்பத்திரி வாசல்ல எறக்கிவிட்டா போதும். தூக்கறதுக்குள்ள நான் வந்துடுவேன்னு சொல்லு நவநீதம். இரும்மா, தண்ணி பாட்டில எடுத்துக்க. இந்தா.

என்ன தம்பி, முறுக்கித் தரணுமா? நீங்களா? உங்களுக்கு அது தெரியாது. நானே முறுக்கிக்கறேன், எனக்கு ரொம்ப வருஷமாப் பழக்கம். நடுவுல இருந்து ஓரத்துக்கு. ஒவ்வொண்ணும் கொஞ்சம் கொஞ்சம் குடுக்கும். ஒவ்வொரு வருஷமும் குடுக்கும் தம்பி. நான் முறுக்காம ஒரு வருஷங்கூட...

நீங்க கெளம்புங்க.

கை வெச்சுப் பாத்துட்டேன். இன்னும் சுடுது.